அழித்த மின்னஞ்சல் எங்கே போகிறது?

கணினியில் தண்டர்பேர்டைத் திறந்து ஒரு மின்னஞ்சலை அழிக்கிறோம். கைபேசியில் டிராஷைப் பார்த்தால் அது இல்லை. பக்கத்திலேயே ‘டெலீட்டட் ஐட்டம்ஸ்’ என்று இன்னொரு ஃபோல்டர் வேறு நிற்கிறது. பெரும்பாலும் இது பழுதல்ல. அழித்ததை எங்கே போடுவது என்பதில் இரண்டு செயலிகளும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

பல கருவிகளில் ஒரே அஞ்சல் பெட்டியைப் பார்க்க உதவும் ஐமேப் முறையை 1986இல் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தார். அந்த முறையில் அழிப்பதற்கு இரண்டு படிகள். முதலில் கடிதத்தின்மேல் ‘நீக்கப்பட்டது’ என்ற குறி விழும். பிறகு தனியாக ஓர் ஆணை வரும்போதுதான் குறி விழுந்தவை சர்வரிலிருந்து உண்மையில் போகும். டிராஷ் ஃபோல்டர் என்பது செயலிகள் தம் வசதிக்குச் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு. கடிதத்தை அங்கே நகலெடுத்துவிட்டு மூலத்தில் குறி வைத்தன. ஒன்று அதை ‘டிராஷ்’ என்றது, அவுட்லுக் ‘டெலீட்டட் ஐட்டம்ஸ்’ என்றது, ஆப்பிள் மெயில் ‘டெலீட்டட் மெசேஜஸ்’ என்றது. எது குப்பைக்கான ஃபோல்டர் என்று சர்வரே அறிவிக்கும் வழி 2011இல்தான் தரமாக வந்தது. பழைய கணக்குகளில் இரண்டு மூன்று டிராஷ்கள் கிடப்பது இதனால்தான்.

தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், சர்வர் செட்டிங்ஸைத் திறந்தால் மூன்று வழிகள் இருக்கும்: ஒரு ஃபோல்டருக்கு நகர்த்து, குறி மட்டும் வை, உடனே நீக்கு. முதலாவதே போதும். கைபேசி பயன்படுத்தும் அதே ஃபோல்டரை இங்கும் தேர்ந்தெடுத்துவிட்டால் குழப்பம் தீரும். ‘குறி மட்டும் வை’ என்பது ஐமேப்பின் உள்வேலை தெரிந்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு குறுக்கே கோடிட்ட கடிதங்கள் பட்டியலில் தேங்கி எரிச்சல்தான் மிஞ்சும். வெளியேறும்போது டிராஷைக் காலி செய்யும் வசதியும் அங்கேயே உண்டு. தவறாக அழித்ததை மறுநாள் தேடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருப்பதால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

ஜிமெயில் கதை வேறு. டிராஷுக்கு நகர்த்தாமல், ஐமேப் வழியாக இன்பாக்ஸிலிருந்து நீக்கினால் மட்டும், வழக்கமான அமைப்பில் அது அந்தக் கடிதத்தை ‘ஆல் மெயில்’ ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். அழித்த பிறகும் தேடலில் வருவது இப்படித்தான். டிராஷுக்குப் போனவை 30 நாளில் தாமாக அழியும்; அதுவரை 15 ஜிபி இலவச இடத்தில் அவையும் பங்கு கேட்கும்.

டிராஷைக் காலி செய்தும் கணினியில் இடம் திரும்பவில்லையா? தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு ஃபோல்டரின் கடிதங்களையெல்லாம் ஒரே கோப்பில் வைக்கிறது. அழித்தவை கண்ணுக்கு மறைந்தாலும் அந்தக் கோப்பிலேயே கிடக்கும். ஃபோல்டர்மீது வலது கிளிக் செய்து ‘காம்பாக்ட்’ கொடுத்தால் கோப்பு சுருங்கும்.