மைதானத்தைத் திருப்பிக் கொடுப்போம்

மாரடைப்பு பட்டணத்துச் செல்வரின் நோய் என்று கிராமத்தவராகிய நாம் இன்னமும் நம்பியிருப்பது பேதைமை. இரத்தக்குழாய்களிற் கொழுப்புப் படியத் தொடங்குவது பிள்ளைப் பருவத்திலேயே என்கிறது மருத்துவம். ஐந்து முதல் பதினேழு வயதினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது ஓடியாடி உடலை இயக்க வேண்டும் என 2020இல் உலகச் சுகாதாரத் தாபனம் வற்புறுத்திற்று.

நாம் செய்வதென்ன? புலமைப்பரிசிற் பரீட்சையின் பெயரால் உடற்கல்விப் பாடவேளையைப் பறிக்கிறோம்; எஞ்சிய மாலையைத் தனியார் வகுப்புக்கு விற்கிறோம். சீனி மிகுந்த பானங்களுக்குச் சிவப்புக் குறியை அரசு 2016இல் கட்டாயமாக்கியது. அக்குறியின் பொருளை எத்தனை வகுப்பறைகளில் விளக்கினோம்?

பெற்றோரின் அறியாமையைப் பழிக்குமுன் ஆசிரியர் நாம் நம்மையே விசாரிப்போம். பரீட்சையில் வென்ற பிள்ளை நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துச் சாயுமானால், நாம் கொடுத்தது கல்வியா? பறித்த மைதானத்தைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுப்போம்.