தீபஸ்தம்பத்துக்கு ஒரு நாள் யாத்திரை

பத்து நாள் யாத்திரைக்குத் திட்டமிடுவதைக் காட்டிலும் ஒரு நாள் யாத்திரைக்குத் திட்டமிடுவது கடினம். பத்து நாளில் ஒன்று தவறினால் மறுநாள் ஈடு செய்து கொள்ளலாம். ஒரே நாளில் தவறியது தவறியதுதான். அதிலும் நடுவே கடல் குறுக்கிட்டால் கேட்க வேண்டியதில்லை. கடைசிப் படகு எவருக்காகவும் காத்திராது.

மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரில் குடியேறிய உற்றார் உறவினரைக் காணச் செல்லும் தமிழர்கள் இந்நாளில் பலர். அவர்கள் ஒரு நாளை ராட்னெஸ்ட் தீவுக்கென்று ஒதுக்குவது நலம். பிரிமாண்டில் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரத்தில் படகு அங்கே கொண்டு சேர்த்துவிடும். தீவின் நீளம் சுமார் 11 கிலோமீட்டர். சொந்த மோட்டார் வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை; சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், பஸ்ஸும் உண்டு. தீவின் நடுவே, ஒரு குன்றின் உச்சியில், 38 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது வாஜமப் தீபஸ்தம்பம். வழிகாட்டியுடன் 155 படிகளை ஏறினால் தீவு முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம்.

இந்த நாளைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணித் திட்டமிட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். திரும்பும் படகின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து தீபஸ்தம்பம் ஏறும் வேளையைக் கணக்கிட வேண்டும். காற்றையும் கவனிக்க வேண்டும். கோடைக்காலத்தில் அப்பகுதியில் காலையில் பெரும்பாலும் கீழ்க்காற்று வீசும். பிற்பகலில் தென்மேற்குக் கடற்காற்று எழும். வெப்பத்தைத் தணிப்பதால் அதற்கு 'பிரிமாண்டில் டாக்டர்' என்றே பெயர். படகுத்துறை கிழக்கே இருக்கிறது. குன்று அதற்கு மேற்கே இருக்கிறது. ஆகவே காலையில் சைக்கிளில் புறப்படுவோரைக் காற்றே தள்ளிக்கொண்டு போகும். பிற்பகலில் அதுவே திருப்பி அழைத்து வரும். ஆனால் அதே டாக்டர் கடலைக் கொந்தளிக்கவும் செய்வார். படகில் தலை சுற்றும் சுபாவமுள்ளவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

குவாக்கா என்னும் சிறு பிராணி அங்கே ஏராளம். குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும் இனம் அது. 1696-ம் ஆண்டில் வந்திறங்கிய டச்சு மாலுமி விளாமிங், அதைப் பெரிய எலி என்று எண்ணி, தீவுக்கு 'எலி வளை' என்று பொருள்படும் பெயரை இட்டார். குழந்தைகள் அதைப் பார்த்துக் குதூகலிப்பார்கள். தொடவும் தீனி கொடுக்கவும் கூடாது.

இவ்வளவும் பொதுவாக எல்லோரும் போடும் திட்டந்தான். இதில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படகிலிருந்து இறங்கியதும் நேரே சைக்கிளைத் தேடிப் போக வேண்டாம். குடியிருப்பின் ஓரமாகச் சிறிது தூரம் நடந்தால் ஒரு மயானம் இருக்கிறது. முதலில் அங்கே போக வேண்டும்.

வாஜமப் என்பது அத்தீவுக்கு நூங்கர் மக்கள் இட்ட ஆதிப் பெயர். 1838-ம் ஆண்டில் ஆங்கிலேயர் அதை அம்மண்ணின் பூர்விகக் குடிகளுக்குரிய சிறையாக்கினர். இடையில் சில ஆண்டுகள் தவிர, 1904 வரையில் அச்சிறை நீடித்தது. மாநிலத்தின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம், ஆடவரும் சிறுவருமாக, ஏறக்குறைய 3,700 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். கழுத்தில் சங்கிலி பூட்டி நடத்திவரப்பட்டவர் பலர். தங்கள் நிலத்தில் வந்து மேய்ந்த ஆடு மாடுகளைக் கொன்றதே அநேகர் மீது சுமத்தப்பட்ட குற்றம். அங்கேயே மாண்டு புதையுண்டவர்கள் 373 பேருக்குக் குறையாது. தீவின் முதல் தீபஸ்தம்பம், 1849-ல் முடிந்தது, இக்கைதிகளின் உழைப்பால் எழுந்ததே. அது போதாதென்று 1896-ல் அதன் ஸ்தானத்தில் எழுப்பியதுதான் இன்று நாம் ஏறும் ஸ்தம்பம். கப்பல்களுக்கு வழி காட்டக் கல் சுமந்தவர்களுக்குத் தம் வீடு திரும்ப வழி இல்லாமற் போயிற்று.

அந்த மயானத்தின் ஒரு பகுதி வெகு காலம் உல்லாசப் பிரயாணிகள் கூடாரமடிக்கும் இடமாக இருந்து, 2007-ல்தான் மூடப்பட்டது. கைதிகளை அடைத்த கட்டடமோ விடுதி அறைகளாக மாறி, 2018 வரையில் வாடகைக்கு விடப்பட்டு வந்தது. அந்தமான் சிறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நிற்கும் நமக்கு, இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

"உல்லாசமாகப் போகும் இடத்தில் துக்கத்தை நினைப்பானேன்?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. குழந்தைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டும் என்பது நம் எண்ணமன்று. நம் வகுப்பறை அனுபவத்தில், குழந்தைகள் பெரியவர்களைவிட நன்றாகவே உண்மையைத் தாங்குகிறார்கள். மறைத்ததைப் பின்னர் அறிய நேர்ந்தால்தான் நம்மை நம்ப மறுக்கிறார்கள். அரை மணி நேரம் போதும். அதன் பிறகு கடலில் குளிக்கலாம், குவாக்காவைப் பார்த்துச் சிரிக்கலாம், படிகளிலும் ஏறலாம்.

மேலே நின்று பார்க்கும்போது தெரியும் நீலக் கடலும் வெண்மணலும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கிழக்கே, பெருநிலம் மெல்லிய கோடாகத் தெரியும் திசையில், சிறிது நேரம் கண் நிலைக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே காலம் கழித்தார்கள். மாலைப் படகேறி அதை நோக்கித் திரும்புகிறவர்கள் நாம். அந்த நினைவுக்கும் நம் திட்டத்தில் ஓர் இடம் இருக்கட்டும்.