அப்பளமான சக்கரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மகாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் என் மாமியார். விவாதத்துக்கு வந்த பொருள், சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு சைக்கிள் சக்கரம். எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்துப் போட்ட அப்பளம் மாதிரி இரண்டு பக்கமும் நெளிந்து, பார்க்கவே பரிதாபமாக நின்றுகொண்டிருந்தது.

என் பிள்ளைக்கு 13 வயது. அவன் வைத்திருப்பது மலை சைக்கிள். மயிலாப்பூரில் மலை ஏது என்று கேட்காதீர்கள். வாங்கும்போதே நானும் கேட்டுப் பார்த்தேன். “எல்லாரும் அதைத்தான் அம்மா வைத்திருக்கிறார்கள்” என்று பதில் வந்தது. மலை இல்லாத குறையை எங்கள் அடுக்கு மாடிக் கட்டடத்தின் வாசற்படிகள் தீர்த்துவைத்தன. ஆறு படிகளை உருண்டு இறங்கிய சைக்கிள் கடைசிப் படியில் குறுக்கே விழுந்தது. பின் சக்கரம் இந்தக் கோலத்துக்கு வந்துவிட்டது.

“அதைத் தூக்கி எறி. புதுச் சக்கரத்துக்குச் சொல்லிவிட்டால் நாளைக்கே வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான்” என்றார் என் கணவர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“எதற்கு? கோட்டம் எடுத்தால் சரியாகிவிடும். கால் மணி நேர வேலை” என்றார் மாமனார். முப்பது வருஷம் சைக்கிளிலேயே ஆபீசுக்குப் போய் வந்தவர் அவர்.

மாமியார்தான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். “சக்கரம் கிடக்கட்டும். விழுந்தவனுக்குக் கை கால் நன்றாக இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா?”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். “நான் விழவில்லை, பாட்டி.”

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. ஓட்டியவன் பின்தெருவில் இருக்கும் அவனுடைய சிநேகிதன். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அவனுடைய தாயார் நாலு வீட்டில் சமையல் செய்து பிள்ளையைப் படிக்க வைக்கிறாள். “அவன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, அம்மா” என்று என் பிள்ளை கெஞ்சினான்.

சக்கரத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். அங்கிருந்த இளைஞர் சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “மாற்றிவிடுங்கள் மேடம், 1,500 ரூபாய்” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் நாடி பிடிக்காத டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தை வாங்க எனக்கு மனம் வருவதில்லை. திரும்பும் வழியில், மரத்தடியில் பெட்டிக்கடை அளவுக்குச் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் நிறுத்தினேன்.

அவர் கம்பிகளை விரலால் மீட்டிப் பார்த்தார். தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பது போலத்தான். ஒரே பக்கத்துக் கம்பிகளெல்லாம் ஏறக்குறைய ஒரே ஒலி கொடுக்கவேண்டுமாம். எங்கள் சக்கரத்தில் ஒன்று ‘டிங்’ என்றது, அடுத்தது ‘டொக்’ என்றது. மூன்று கம்பிகள் அறுந்தே போயிருந்தன.

சைக்கிள் சக்கரம் எப்படி நிற்கிறது என்று நான் அதுவரை யோசித்ததே கிடையாது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் பருத்த ஆரக்கால்கள் பாரத்தைத் தாங்கி நிற்கின்றன. சைக்கிள் கம்பியோ 2 மில்லிமீட்டர் கனம். நிறுத்தி வைத்துப் பாரம் ஏற்றினால் துவண்டுபோகும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைத்துவிடுகிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்தால் தரைப் பக்கத்துக் கம்பிகளின் இறுக்கம் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். இந்த யுக்தியை 1808-ல் யோசித்தவர் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர், அதுவும் பறக்கும் யந்திரத்துக்காக! கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பின்னும் முறையை 1874-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி கொண்டுவந்தார். இப்படிக் கட்டிய சக்கரம் மேலிருந்து வரும் பாரத்தை அநாயாசமாகத் தாங்கும். பக்கவாட்டில் ஓர் அடி விழுந்தால்தான் அப்பளம்.

“கோட்டம் எடுத்தால் போதுமா, பெரியவரே?” என்று கேட்டேன்.

“அதை நான் சொல்லக்கூடாதும்மா, ரிம்தான் சொல்லணும்” என்றவர், கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, வெறும் ரிம்மைக் கடப்பைக் கல்லின்மேல் படுக்கவைத்தார். ஒரு விரலால் ஓரத்தை அழுத்தினார். எதிர்ப்பக்கம் எழும்பியது. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் அழுத்தினால் இந்தப் பக்கம். “பார்த்தீங்களா? கல்லில் ஒட்டிப் படுத்திருந்தா கம்பியை மட்டும் சரிபண்ணிப் பிழைக்க வெச்சிருக்கலாம். இது ஆடுது. இதை முறுக்கி நேராக்கினா, ஒரு கம்பி தாங்க முடியாம இழுத்துக்கிட்டிருக்கும், பக்கத்துக் கம்பி சும்மா இருக்கும். ஒரு மாசத்துல மறுபடி வருவீங்க.”

இரண்டு கம்பித் துவாரங்களைச் சுற்றி மயிரிழை போல வெடிப்பும் இருந்தது. மாமனாரின் கட்சி அங்கேயே தோற்றது.

சகோதரிகளுக்கு உபயோகப்படும் என்பதால் பெரியவர் சொன்னதில் இன்னும் கொஞ்சம். ஒரே ஒரு கம்பி அறுந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். பின் சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் பக்கத்துக் கம்பிதான் அதிக இழுப்பில் இருப்பது. அதை மாற்றப் பல்சக்கரத்தைக் கழற்றவேண்டும், கூலி சற்றுக் கூடும். ஆனால் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று கழுத்து வளைவில் அறுந்துகொண்டே வந்தால், மிச்சமுள்ளவையும் களைத்துவிட்டன என்று அர்த்தம். எல்லாவற்றையும் மாற்றுவதே லாபம். ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால், ரிம்மின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் அது தேய்ந்த ரிம். டயரின் காற்றழுத்தத்தில் ஒரு நாள் வெடித்துவிடும். அதில் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

வீட்டிலிருந்தபடியே புதுச் சக்கரம் வரவழைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. டயரில் 26 என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். மலை சைக்கிளின் 26-ல் டயர் உட்காரும் இடத்து விட்டம் 559 மில்லிமீட்டர். பழைய மாதிரிச் சைக்கிள்களில் 26 என்று போட்ட இன்னொரு வகைக்கு 590. ஒன்று மற்றதில் ஏறாது. 27.5-க்கு 584, 29-க்கு 622. இந்த எண்கள் டயரின் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும்.

எங்கள் ரிம் போய்விட்டது, சரி. ஆனால் பெரியவர் ஹப்பைக் கையில் பிடித்து அச்சைச் சுழற்றிப் பார்த்தார். மணல் அரைபடும் ஓசை இல்லை, ஆட்டமும் இல்லை. “பால்ரஸ் புதுசாட்டம் இருக்கு. இதை எதுக்குத் தூக்கிப் போடறீங்க?” என்றார். சட்டம் உடைந்த ஒரு சைக்கிளின் ரிம் அவரிடம் கிடந்தது. அதே அளவு, அதே 36 துவாரம். அதையும் கல்லில் படுக்கவைத்துக் காட்டினார், ஆடவில்லை. ரிம்முக்கு 200, புதுக் கம்பிகளுக்கு 200, கோக்கிற கூலி 250. ஆக 650 ரூபாய். பழைய கம்பியைப் போடமாட்டேன் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேனே தவிர, 1,500 ரூபாயை எறிந்து தலைவலியைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சாயங்காலம் வாசலில் அந்தப் பையனின் தாயார் வந்து நின்றாள். பையன் தானாகவே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தாள்.

“மிச்சத்தை அடுத்த மாசம் கொடுத்துடறேம்மா.”

“அதெல்லாம் வேண்டாம், குழந்தைகள் விளையாட்டு” என்று நான் ஆரம்பித்தேன். அவள் முகம் மாறிவிட்டது. “என் பிள்ளை உடைச்சதுக்கு நீங்க ஏம்மா கொடுக்கணும்?”

1,500 ரூபாய்ச் சக்கரத்தை நான் வாங்கியிருந்தால் அவள் அந்த 1,500-ஐயும் கொடுக்காமல் இருந்திருக்கமாட்டாள். எத்தனை மாதம் கொடுத்திருப்பாளோ! எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

கூடத்தின் மூலையிலிருந்து என் பிள்ளை எழுந்து வந்தான். “ஆன்ட்டி, அவன் மாட்டேன் என்றுதான் சொன்னான். படியில் இறங்கு, பயமா என்று கேட்டது நான்தான்.”

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு மாமியார் தீர்ப்புச் சொன்னார்: “செலவு ஆளுக்குப் பாதி. ஓட்டினவன் பாதி, ஏவினவன் பாதி.” 325 ரூபாயை எடுத்துக்கொண்டு 175-ஐத் திருப்பிக் கொடுத்தோம். அவள் அதை எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டாள். காப்பி கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். என் பிள்ளையின் பங்கு அவனுடைய பொங்கல் காசிலிருந்து போயிற்று.

மறுநாள் மாலை இரண்டு பையன்களும் மரத்தடியில் பெரியவருக்கு எதிரே குந்தியிருந்தார்கள். அவர் ஒரு கம்பியைக் கோத்துக் காட்ட, இவர்கள் மற்றதைக் கோத்தார்கள். ஒன்று உள்ளிருந்து வெளியே, அடுத்தது வெளியிலிருந்து உள்ளே. இரண்டு தடவை தப்பாகிப் பிரித்துக் கோத்தார்கள். சாமான்கள் வாங்கப் போன நான், பையும் கையுமாக முக்கால் மணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மலை சைக்கிளே கலிபோர்னியாவில் தமால்பைஸ் மலையடிவாரத்து இளைஞர்கள், 1930-களின் பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களைப் பொறுக்கிச் செப்பனிட்டு மலைச்சரிவில் உருட்டி விளையாடியதில் பிறந்ததுதான். 1976-ல் அவர்கள் ஒரு பந்தயம் தொடங்கினார்கள். பிரேக் பிடித்த சூட்டில் பின் ஹப்பின் கிரீஸ் புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்கவேண்டும். பந்தயத்துக்கே அதனால் ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது.

“ஒரு வாரம் ஓட்டிட்டுக் கொண்டு வாங்கடா. கம்பி கொஞ்சம் தளரும், இன்னொரு முறுக்கு வைக்கணும். அதுக்குக் காசு இல்லை” என்று பெரியவர் அனுப்பிவைத்தார். அடுத்த ஞாயிறு போனபோது கம்பிகளை அவர்களையே மீட்டச் சொன்னார். எது தளர்ந்தது என்று என் பிள்ளை கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பையன் சரியாகத் தொட்டுவிட்டான்.

நெளிந்த ரிம்மை மாமியார் மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அவரைக்கொடி பாதி வரை ஏறிவிட்டது.