கண்ணாடிச் சுவரும் கொழுந்துக் கூடையும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி கேளிக்கைப் பூங்காக்களுள் ஒன்றில், கார்ட்டூன் படக் கலையைக் காட்டும் அரங்கொன்றை, வருவோர் தாமே வரைந்து பார்க்கும் கூடத்தோடு, மீண்டும் அமைக்கப் போவதாக அந்நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் அறிவித்தது. ரசிகர் உலகம் குதூகலித்தது. பல்லாண்டுகளுக்கு முன் அதே இடத்தில் பென்சிலும் தாளும் வாங்கிக்கொண்டு, ஓவியர் ஒருவர் சொல்லச் சொல்ல ஒரு வட்டம், இரண்டு காது, ஒரு மூக்கு என்று வரைந்து, தம் கையால் பிறந்த எலிக்குட்டியை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தவர்கள் அவர்கள். இழந்தது திரும்பி வருகிறது என்று மகிழ்ந்தார்கள்.

அட்டனிலும் நுவரெலியாவிலும் அமர்ந்து இலக்கியம் பேசும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். மிகவும் உண்டு என்பதே நம் விடை. உழைப்பை முதலில் காட்சியாக்குவது, பிறகு உழைப்பாளியை அகற்றிவிட்டுக் காட்சியை மட்டும் வைத்துக்கொள்வது, இறுதியில் அந்த உழைப்பின் சாயலையே விளையாட்டுப் பொருளாக விற்பது: இந்த மூன்று படிகளையும் உலகில் எங்கேனும் தெளிவாகக் காண வேண்டுமெனில் அப்பூங்காவில் காணலாம். அதே படிகள் நம் தேயிலை மலைகளிலும் வெட்டப்பட்டு வருகின்றன. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கதையை முறையாகப் பார்ப்போம். 1989-இல் அப்பூங்கா திறக்கப்பட்டபோது அங்கே மெய்யான கார்ட்டூன் படக்கூடம் ஒன்றும் இயங்கிற்று. கூலி பெறும் ஓவியர்கள் மேசைகளில் குனிந்து வரைந்துகொண்டிருக்க, கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நடந்து சென்ற மக்கள் அவர்களை வேடிக்கை பார்த்தனர். 'மூலான்' (1998), 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' (2002) போன்ற படங்கள் அக்கூடத்தில் உருவானவை. 2004-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தக் கூடம் மூடப்பட்டது. கணிப்பொறியில் படம் செய்யும் காலம் வந்துவிட்டது, கைக்கோடு இலாபம் தராது என்பது முதலாளிகளின் தீர்ப்பு. ஓவியர்கள் வேலையிழந்தனர். ஆனால் அரங்கோ மூடப்படவில்லை! ஓவியர் இல்லாத ஓவியக் காட்சி 2015 வரை நடந்தது. வேலையாளை வெளியேற்றிய பின்னும் அவன் வேலையின் நினைவு பதினோராண்டுக் காலம் வருவாய் ஈட்டித் தந்தது. இப்போது அந்த நினைவுக்குப் புது வர்ணம் பூசப்படுகிறது.

இந்த ரசிகர்களை எள்ளி நகையாடுவது எளிது. முற்போக்காளர் என்று தம்மை அழைத்துக்கொள்வோருள் சிலர் அதைத்தான் செய்வர். 'ஏகாதிபத்தியப் பண்பாட்டில் மயங்கிய மந்தை' என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் அவர்கள் பணி முடிந்துவிடும். நாம் அதற்கு உடன்படவில்லை. நாள் முழுவதும் ஏதோ ஓர் அலுவலகத்திலோ கிடங்கிலோ பிறர் கட்டளைக்கு உழன்ற ஒருவன், விடுமுறை நாளில் கால்கடுக்க வரிசையில் நின்று, கால் மணி நேரம் பென்சில் பிடித்து ஒரு முகத்தை வரைந்து மகிழ்கிறான் என்றால், அந்த மகிழ்ச்சி பொய்யன்று. தன் கையால் ஒன்றைப் படைக்க வேண்டும் என்ற மனித வேட்கை அது. அந்த வேட்கையை அவனது வேலை தணிக்கவில்லை. ஆகவே நுழைவுக் கட்டணம் கொடுத்து அதைத் தணித்துக்கொள்ள வருகிறான். குற்றம் வேட்கையில் இல்லை. படைக்கும் இன்பத்தை வேலையிலிருந்து பிரித்தெடுத்து, வேலை செய்வோனுக்கே விலைக்கு விற்கும் ஏற்பாட்டில்தான் குற்றம் இருக்கிறது.

அந்த இனிய எலிக்குட்டியின் பின்னால் இருந்த கைகளைப் பற்றி அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடினால்தான் படம் அசையும். 1937-இல் வெளிவந்த 'ஸ்னோ ஒயிட்' 83 நிமிடம் ஓடுவது. கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதினாயிரம் சட்டங்கள்! ஓவியர்கள் தாளில் வரைந்த கோடுகளைக் கண்ணாடித் தகடு போன்ற தாள்களில் மையால் பிரதியெடுத்து வர்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். படைப்புப் பணி ஆடவர்க்கே உரியது, பெண்களுக்கு மை தீட்டும் பகுதியே உண்டு என்று அந்நிறுவனம் அக்காலத்தில் வேலை கேட்ட பெண்களுக்குக் கடிதமே எழுதியது. பெண்களின் விரல்கள் மென்மையானவை, பொறுமையானவை என்பது பாராட்டு. குறைந்த கூலி என்பது அப்பாராட்டின் மறுபக்கம்.

1941 மே மாத இறுதியில் அக்கூடத்தின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தில் முன்னின்ற ஆர்ட் பாபிட் என்ற சிறந்த ஓவியர் வேலைநீக்கம் செய்யப்பட்டது உடனடிக் காரணம். கார்ட்டூன் ஓவியர்கள் தாம் வரைந்த பாத்திரங்களையே அட்டைகளில் வரைந்து ஏந்தி வாயிலில் மறியல் செய்தனர். இறுதியில் நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. 1947-இல் வால்ட் டிஸ்னி அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் தோன்றி, அந்த வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டுகளின் தூண்டுதல் என்று சாட்சியம் கூறினார். தொழிலாளிக்குச் சொந்தமாகக் கோபம்கூட வராது, வெளியார் யாரோ ஊட்டிவிட வேண்டும் என்பது உலக முதலாளிகள் அனைவரும் ஓதும் ஒரே மந்திரம். நம் தோட்டத் துரைமார் அதை அவருக்கு முன்பே ஓதினார்கள். 1937-இல் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞரை நாடு கடத்த ஆணை பிறந்த வரலாறு நமக்குத் தெரியும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் போலீசார் சுட்ட குண்டுக்குப் பலியான கோவிந்தனின் பெயரும் நமக்குத் தெரியும்.

இனி நம் மலைகளுக்கு வருவோம்.

இன்று மலையகம் ஒரு கேளிக்கைப் பூங்காவாக மாற்றப்பட்டு வருகிறது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் விடுதிகளாயின. தேயிலைத் தொழிற்சாலைகளில் பார்வையாளர்க்கு வழிகாட்டிகள் உண்டு. இவற்றோடு 'கொழுந்து பறிக்கும் அனுபவம்' என்ற ஒன்றும் விற்பனைக்கு வந்திருக்கிறது. தொலைதூரத்திலிருந்து வரும் விருந்தினருக்குச் சேலை உடுத்தி, தலையில் துணி கட்டி, முதுகிலே கூடையை மாட்டிவிடுகிறார்கள். அவர் பத்து நிமிடம் செடிகளுக்கிடையே நின்று, இரண்டு இலையும் ஓர் அரும்புமாக நாலைந்து கொழுந்தைக் கிள்ளி, சிரித்தபடி படமெடுத்துக்கொள்கிறார். 'மறக்கவொண்ணா இன்பம்', 'எத்தனை அமைதியான வேலை' என்று புகழ்ந்து எழுதிச் செல்கிறார். புளோரிடாவின் பென்சிலும் நுவரெலியாவின் கூடையும் ஒரே வியாபாரத்தின் இரு சரக்குகள்!

அந்த விருந்தினர் வைத்துவிட்டுப் போன கூடையை மறுநாளும் சுமப்பவளின் நாள் எத்தகையது? காலையில் பிரட்டுக்களம். பிறகு செங்குத்தான மலை, பனி, மழை, அட்டை. இடுப்பிலே படங்கு, கையிலே மட்டக்கம்பு. ஒரு முழுப் பேருக்குப் பல தோட்டங்களில் 18 கிலோ, சிலவற்றில் அதற்கும் மேல், பச்சைக் கொழுந்து நிறுத்துக் காட்ட வேண்டும். நிறுவையில் குறைந்தால் அரைப் பேர். ஐந்து கிலோ கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து ஒரு கிலோ தேயிலையாவதற்குள் எத்தனை ஆயிரம் முறை அவ்விரல்கள் அசைந்திருக்க வேண்டும்! ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற எளிய கோரிக்கைக்கு இம்மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2021-இல்தான் அது கிட்டிற்று, அதையும் எதிர்த்துக் கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இவற்றில் ஒரு வரியேனும் அந்தப் பத்து நிமிட அனுபவத்தில் இடம்பெறுகிறதா?

'தேயிலை பறிக்கப் பெண்களின் மெல்விரல்களே ஏற்றவை' என்று வழிகாட்டிகள் விளக்குவர். மை தீட்டும் பெண்களைப் பற்றிச் சொல்லப்பட்ட அதே சொற்கள்! கடல்களுக்கு அப்பால் இரு வேறு தொழில்களில் ஒரே பாராட்டு எழுவது தற்செயலன்று. திறமை என்று ஒப்புக்கொண்டால் திறமைக்குரிய கூலி தர வேண்டும். விரலின் இயல்பு என்று சொல்லிவிட்டால், மரத்தில் பழம் பழுப்பதுபோல் அதுவும் இலவசமாகிவிடுகிறது.

இந்தப் படம் புதிதன்று. 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபம் எழுந்தது. அங்கே தேநீர் பரிமாறப்பட்டது. லிப்டனும் அவரைப் போன்றோரும் கூடை சுமந்த பெண்ணின் உருவத்தை விளம்பரங்களிலும் பெட்டிகளிலும் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பினர். இன்றைய கேளிக்கைப் பூங்காவின் பாட்டன் அந்தக் கண்காட்சிதான். அந்தப் பெண் எப்போதும் சிரித்தாள். அவளுக்குப் பெயர் இல்லை, பிள்ளை இல்லை, பின்னணியில் லயன் இல்லை. 1948-இல் குடியுரிமைச் சட்டத்தால் அவள் நாடற்றவளாக்கப்பட்ட பின்னரும், 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 மக்களின் விதி இரு அரசுகளுக்கிடையே எண்களாகப் பேசப்பட்ட பின்னரும், தேயிலைப் பெட்டியின் மேலிருந்த அவள் படத்தை யாரும் நாடு கடத்தவில்லை. பெண்ணுக்கு உரிமை இல்லாத நாட்டில் அவள் படத்துக்கு இடம் இருந்தது!

சுற்றுலாவால் வருமானம் வருகிறதே, அதைக் கெடுக்கலாமா என்று ஒரு சாரார் வாதிடுவர். கெடுக்கச் சொல்லவில்லை, கணக்குக் கேட்கிறோம். விருந்தினர் கொடுக்கும் கட்டணத்தில் படத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு உரிமையாகச் சேரும் பங்கு எவ்வளவு? விடுதிகளுக்கும் காட்சி மேடைகளுக்கும் மலைச்சரிவில் நிலம் கிடைக்கும்போது, அந்த மண்ணைத் தலைமுறை தலைமுறையாகப் பண்படுத்திய குடும்பம் மட்டும் வீடு கட்டச் சிறு துண்டுக் காணிக்கு ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?

'படத்தை அழகுக்காக ரசியுங்கள், அதில் அரசியலை நுழைக்காதீர்கள்' என்று வேறொரு சாரார் உபதேசிப்பர். பச்சைச் சரிவில் வரிசையாக நிற்கும் பெண்கள் அழகிய காட்சி என்பதில் நமக்கும் ஐயமில்லை. அவ்வரிசையில் நிற்பவளுக்கு முதுகுவலி உண்டு என்பதை அறிந்த கண்ணுக்கு அக்காட்சி இன்னும் ஆழமாகத் தெரியும். அறியாமையால்தான் காக்க முடியும் என்றால் அது அழகாக இருக்க முடியாது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கண்டிக்கு அருகே ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அருங்காட்சியகமாகியிருக்கிறது. பழைய இயந்திரங்களும், 1867-இல் லூல்கந்துரவில் வணிக அளவில் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கே பேணப்படுகின்றன. அதுவும் வேண்டியதே. ஆனால் கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், லயன் அறைகளிலேயே, தோட்டத் தொழிலாளரின் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. புழங்கிய பாத்திரமும் சுமந்த கூடையும் அங்கே தம் கதையைத் தாமே சொல்கின்றன. பயணிகள் ஊர்திகள் அங்கே எத்தனை திரும்புகின்றன? நம் பள்ளிகளிலிருந்துதான் எத்தனை வகுப்புகள் அங்கே சென்றிருக்கின்றன?

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! இக்கேள்வியின் முனை நம்மை நோக்கியே திரும்புகிறது. தோட்டப் பள்ளியில் சித்திரப் பாடம் எந்த நிலையில் இருக்கிறது? பரீட்சை நெருங்கினால் முதலில் பலியிடப்படுவது அந்த நேரம்தானே? வரையக் கிடைத்தபோதும் பிள்ளை எதை வரைகிறான்? இரு மலை, நடுவே சூரியன், ஓர் ஓட்டு வீடு, ஒரு தென்னை! தன் லயனை அவன் வரைவதில்லை. அது வரையத் தகுந்தது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. பணம் கொடுத்தவருக்கு ஒரு நாட்டில் பென்சில் கிடைக்கிறது. படத்துக்குப் பொருளாக நிற்பவளின் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை.

பாட்டில் இந்தச் சுவரை நம் முன்னோர் உடைத்துக் காட்டினர். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியபோது, அதுவரை பிறர் பார்வைக்குப் பொருளாக இருந்த மக்கள் தம் குரலைத் தாமே கேட்டனர். தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக 1947-இல் நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, கவிதையிலும் கதையிலும் தோட்ட மக்களை எழுதியதோடு அவர்கள் வாய்ப்பாடல்களையும் தொகுத்தார். சித்திரத்திலும் அப்பணி நடந்தாக வேண்டும். வாரத்தில் ஒரு சித்திர நேரத்தையேனும் பறிகொடாமல் காப்போம். தன் தாய் நிறுவைக்காக நிற்கும் வரிசையை, பிரட்டுக்களத்தை, ஒழுகும் கூரையைப் பிள்ளைகள் வரையட்டும். கண்டதை வரையும் பிள்ளை கணக்கும் கேட்பான்: இந்தக் கூடை எத்தனை கிலோ, இந்தக் கூலி எத்தனை ரூபா, மீதி எங்கே சென்றது என்று.

அந்தப் படங்களை ஊர்ச் சந்தியிலும், ரயில் நிலையத்திலும், விருந்தினர் கடந்து போகும் பாதையிலும் தொங்கவிடுவோம். மலையைக் காண வருவோர் வரட்டும். கொழுந்தும் கிள்ளிப் பார்க்கட்டும். ஆனால் இம்முறை கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் வரைந்த படத்தையும் பார்த்துவிட்டுச் செல்லட்டும்.