பின் இருக்கையில் இருப்பவர்



என் மூத்த ராத்தாவின் மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்தான். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் மனைவி மக்களோடு இருக்கிறான். வந்த இரண்டாம் நாள் இரவு, சாப்பாடு முடிந்து முற்றத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தோம். பல மாதமாக மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்த ஒரு விடயத்தை அவனிடம் மெதுவாக எடுத்தேன். என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் புதிது ஒன்று எடுக்கலாமா என்பதுதான் அது.

இந்தப் பேச்சு உங்கள் வீடுகளிலும் நடந்திருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. "வரட்டும், பார்ப்போம்" என்று ஐந்து வருடமாகத் தள்ளி வைத்திருந்த ஆண்களெல்லாம் கடைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கத் தொடங்கினார்கள். அவர்களில் நானும் ஒருவன். (லீசிங் எடுத்து வாங்குவதைப் பற்றி இம்மாதம் எழுதப் போவதில்லை. அது தனிக் கதை, பெரிய கதை.)

என்னுடையது ஹொண்டா சீடி 125. 2007இல், அரபுக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த அடுத்த வருடம், இன்னொருவர் ஓடியதை வாங்கினேன். அதன் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இருந்ததில்லை. 2022இல் கியூ.ஆர். அட்டைக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் மட்டும் தந்த நாட்களில், அந்த நான்கு லீற்றரில் மத்ரஸாவுக்கும் உம்மா வீட்டுக்கும் போய் வந்து, வெள்ளிக்கிழமைக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்துத் தந்தது. அப்படியானால் ஏன் புதிது? உண்மையைச் சொன்னால் சிரிப்பீர்கள். என்னிடம் ஓதிய பிள்ளைகளெல்லாம் புதிதில் வருகிறார்கள்.

மருமகன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மாமா, எங்கட பக்கத்து வீட்டு அங்கிளுக்கும் இதே பிரச்சினைதான் இருந்தது" என்று தொடங்கினான். அந்த மனிதருக்கு எழுபத்தொரு வயது. பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். நாற்பது வருடமாக அவர் முன்னால், அவ பின்னால் என்று கோடை காலம் வந்தால் புறப்பட்டுவிடுவார்களாம். வேர்ஜீனியாவிலிருந்து வட கரோலினா வரை புளூ ரிஜ் பாக்வே என்று 755 கிலோமீற்றர் நீளமான மலைப்பாதை ஒன்று இருக்கிறது. லொறிகள் அதில் ஓட அனுமதியில்லை. வேகமும் பெரும்பாலும் மணிக்கு 72 கிலோமீற்றருக்கு மேல் போக முடியாது. அந்தப் பாதையில் நாலைந்து நாள் ஆறுதலாகப் போய் வருவது இவர்களுக்கு வழக்கம்.

அவர்களுடைய வண்டி கோல்ட் விங். தொலைதூரப் பயணத்துக்கென்றே ஹொண்டா கம்பனி செய்யும் பெரிய வண்டி. முதல் கோல்ட் விங் 1975இல் விற்பனைக்கு வந்தபோது 999 சீசீ, நான்கு சிலிண்டர். காற்றைத் தடுக்கும் கண்ணாடியோ சாமான் பெட்டியோ அதில் இருக்கவில்லை. ஓடுகிறவர்கள் வெளியில் வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்துக் கம்பனி 1980இல் தானே எல்லாவற்றையும் பூட்டி விற்கத் தொடங்கியது. 1988இல் ஆறு சிலிண்டர் வந்தது, மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம் என்று படுத்தபடி. 2001இல் 1,832 சீசீ. நம்முடைய வீதிகளில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றின் எஞ்சின் கூட இந்த அளவு இல்லை.

அதில் என் மனைவிக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. அந்த வண்டிக்குச் செயின் கிடையாது. எஞ்சினிலிருந்து பின் சில்லுக்கு மூடிய குழாய்க்குள் ஓடும் தண்டுதான் சுற்றுகிறது. சகோதரிகளே, அபாயாவின் ஓரம் செயினிலோ சில்லுக் கம்பியிலோ சிக்கி விழுந்தவர்களின் கதை நம்மூரில் எத்தனை! உங்கள் வீட்டு வண்டியின் செயின் கவர் உடைந்து கழற்றி வைக்கப்பட்டிருந்தால், இந்தப் பக்கத்தை இத்தோடு மடித்து வைத்துவிட்டு, அதை முதலில் பூட்டச் சொல்லுங்கள். பின்னால் ஒருபக்கமாக இருக்கும்போது அபாயாவைச் சுருட்டி இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அமர்த்திக்கொள்ளுங்கள். சேலை உடுப்பவர்களுக்காகப் பூட்டும் கம்பி வலையையும் பாரம் என்று சொல்லிக் கழற்ற விடாதீர்கள்.

கதைக்கு வருகிறேன். அந்தத் தம்பதியரிடம் இருந்தது 2008ஆம் வருடத்து வண்டி. அது செய்யப்பட்ட மேரிஸ்வில் கொலம்பஸிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரும் ஊர். 2009இல் அங்கே மோட்டார் சைக்கிள் செய்வது நின்று, கோல்ட் விங் ஜப்பானின் குமமோட்டோவுக்குப் போய்விட்டது. ஆகவே அந்த மனிதருக்கு அது வெறும் வண்டியல்ல. ஊர்க்காரர் கையால் செய்தது. ஒரு லட்சம் மைல் தாண்டியும் நோய் நொடி இல்லை. அதைக் கொடுக்க மனிதருக்கு என்ன பைத்தியமா?

பைத்தியமில்லை, பாரம். அந்த வண்டி 400 கிலோவுக்கு மேல். என்னுடையது போல மூன்றைச் சேர்த்தாலும் எட்டாது. ஓடும்போது இந்தப் பாரம் தெரியாதாம். நிற்கும்போதுதான் தெரியும். ஒரு நாள் பெற்றோல் நிலையமொன்றில் நிறுத்தும்போது அவருடைய இடது கால் சரளைக் கல்லில் வழுக்கியிருக்கிறது. சரியத் தொடங்கிய வண்டியை அறுபதைத் தாண்டிய கால் ஒன்று தாங்குமா? வண்டி தன் காப்புக் கம்பியில் சாய்ந்து நின்றுவிட்டது, பெரிய கீறல் கூட இல்லை. பின்னால் இருந்த மனைவிதான் கீழே விழுந்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டு ஆறு கிழமை வீட்டில் இருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லையாம். அவர் வெட்கத்தில் பேசவில்லை. அவர் இனி ஓடமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவவும் பேசவில்லை. இந்த இடத்தில் மருமகன் ஏதோ சொல்லிக்கொண்டே போனான். என் மனைவி மட்டும் "பாவம்" என்று ஒரு சொல் சொன்னாள். யாரைப் பாவம் என்றாள் என்று நான் கேட்கவில்லை.

2018இல் கோல்ட் விங்கை அடியோடு மாற்றிச் செய்திருந்தார்கள். பாரம் சுமார் 40 கிலோ குறைந்திருந்தது. முன் சில்லைத் தாங்கும் அமைப்பு புதிது. கியர் தானாகவே மாறும் வகையும் இருந்தது. அந்த வகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி நடை வேகத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் தானே நகரும். கால் பலமில்லாதவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி! அவர் போய் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, இருபது வயது குறைந்த முகத்தோடு திரும்பி வந்தாராம்.

அப்போதுதான் என் மனைவி குறுக்கிட்டாள். "பின்னுக்கு இரிக்கிற பொம்புள என்ன சொன்னாவாம்?"

நான் இரண்டு மணித்தியாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

அவ கடைக்குப் போய்ப் பின் இருக்கையில் ஏறிக் கால் மணி நேரம் அப்படியே இருந்து பார்த்தாராம். பின்பு இறங்கி, "இது உங்களுக்கு, எனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டார். பாரத்தைக் குறைக்கக் கம்பனி எங்கெங்கே கைவைத்தது என்று பாருங்கள். பழைய வண்டியின் மூன்று பெட்டிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 150 லீற்றர் சாமான் பிடிக்கும். புதிதில் 110 தான். பின்னால் இருப்பவரின் முதுகுச் சாய்மானமும் நிமிர்ந்துவிட்டது. நாள் முழுக்க இருந்து போகிறவருக்கு அது நிமிர்ந்த பலகையாகத் தெரியும். அவ ஒருத்தி மட்டும் சொன்னதல்ல இது. பின்னால் இருந்து பயணம் செய்யும் மனைவிமார் பலரும் இதையே சொன்னார்கள். பெற்றோல் தாங்கியும் 25 லீற்றரிலிருந்து 21 ஆகக் குறைந்தது. ஆனால் புதிய எஞ்சின் குறைவாகக் குடிப்பதால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. (21 லீற்றர் என்றால் நம்முடைய கியூ.ஆர். கணக்கில் ஐந்து கிழமைப் பங்கு. என் மனைவி விரல் மடித்து எண்ணிச் சொன்னாள்.)

அவர் வாங்கவில்லை. மூன்று கோடை பழைய வண்டியிலேயே போனது. ஆனால் நிறுத்தும் இடத்திலெல்லாம் அவ முதலில் இறங்கிக்கொள்வார், அதன்பின் அவர் வண்டியைத் தனியாகத் தள்ளி நிறுத்துவார்.

2021இல் கம்பனி காதுகொடுத்தது. மேல் பெட்டியை 50 லீற்றரிலிருந்து 61 ஆக்கினார்கள். 17 பாகை சாய்ந்திருந்த முதுகுச் சாய்மானத்தை 24.5 பாகைக்குச் சரித்தார்கள். இரண்டும் பின்னால் இருப்பவருக்கான மாற்றம்! ஆனாலும் அந்த அம்மா உடனே சம்மதிக்கவில்லை. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கடதாசி அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, 61 லீற்றருக்கு ஒன்றும் 30 லீற்றருக்கு இரண்டுமாக, புதிய வண்டியின் பெட்டி அளவுக்கே மூன்று செய்தார். அவற்றைக் கராஜ் தரையில் வைத்து, மலைப்பயணத்துக்கு வழக்கமாகக் கொண்டுபோகும் சாமான்களையெல்லாம் அடுக்கிப் பார்த்தார். மழைச்சட்டை, மருந்துப் பெட்டி, இருவரின் உடுப்பு, பிளாஸ்க் எல்லாம் அடங்கின. அவருடைய இரண்டாவது ஆயுதப் பையும், அவவுடைய மடக்குக் கதிரையும் வெளியே நின்றன. அவர் ஆயுதப் பையை எடுத்து அலமாரியில் வைத்தாராம். அவ கதிரையை மடித்து அதன் பக்கத்தில் சாத்தினாராம்.

அமெரிக்காவில் புதியதன் விலை 28,000 டொலருக்கு மேல். அதைக் கொடுக்காமல், இரண்டு வருடம் ஓடிய 2021ஆம் வருடத்து வண்டியைத் தேடி எடுத்தார்கள். பழையதை ஓர் இளைஞன் வந்து கொண்டுபோன அன்று, அந்த மனிதர் கராஜுக்குள்ளேயே இருந்துவிட்டார், வெளியே வரவில்லை என்றான் மருமகன். இப்போது நிறுத்தும்போது அவ இறங்குவதில்லையாம்.

மருமகன் தூங்கப் போன பிறகும் நான் முற்றத்தில் இருந்தேன். மஷூரா என்ற பாடத்தை வருடா வருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். வீட்டு விடயத்தில் வீட்டாரோடு கலந்து பேச வேண்டும் என்று மிம்பரிலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எந்த வண்டி, என்ன நிறம், எத்தனை சீசீ என்று ஆறு மாதமாக யோசித்தவன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த வண்டியில் அவள் இருந்த தூரம் நான் ஓடிய தூரத்தில் பாதியாவது இருக்கும். மடியில் பிள்ளையோடு, கையில் மீன் பையோடு, இரண்டு தடவை பிரசவ வலியோடு.

அடுத்த சனிக்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப் போனேன். நான் பார்த்து வைத்திருந்த 150 சீசீ வண்டியின் பின் இருக்கை, தோணியின் அணியம் போல மேலே தூக்கி நின்றது. ஒருபக்கமாக ஏறி இருந்தாள். இருந்ததும் முன்னுக்கு வழுக்கினாள். பிடிக்க ஒரு கம்பி தேடினாள், கைக்கு எட்டவில்லை. கால் வைக்கும் தட்டும் அதில் இல்லை. கடைப் பையன் "அது வேற வாங்கிப் பூட்டலாம் ஹஸ்ரத்" என்றான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கி, "நல்ல வடிவான வண்டி" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில், "இஞ்சருங்க, இதையே கொஞ்சம் செய்விக்கலாமே" என்றாள். குஷன் வேலை செய்யும் கடைக்கு வண்டியை விட்டேன். பழைய பஞ்சு கல்லாகிப்போயிருந்தது. புதுப் பஞ்சு போட்டு, பின்பக்கத்தை மட்டமாக்கி, கைப்பிடிக் கம்பியையும் இறுக்கித் தந்தார்கள். இன்னும் ஏதாவது வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். கால் தட்டை இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னாள்.

பதினெட்டு வருடமாகக் கால் எட்டவில்லையாம்.