குதிரை முள்ளங்கியை பக்கெட்டில் கட்டிப் போடுங்க!

முருங்கை மரத்துக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? முருங்கை மரம்னா நமக்கு வேதாளம்தான் ஞாபகம் வரும். ஆனா, இங்கிலீஷ்ல அதுக்கு டிரம்ஸ்டிக் தவிர இன்னொரு பேர் இருக்கு... ‘ஹார்ஸ்ராடிஷ் ட்ரீ’. அதாவது, குதிரை முள்ளங்கி மரம்! 1886-ல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதியிலேயே இந்தப் பேர் பதிவாகியிருக்கு.

எல்லாம் நாக்கு செஞ்ச வேலை. நிஜ ஹார்ஸ்ராடிஷ் ஐரோப்பாவின் குளிர்ல வளர்ற செடி. அதோட வேரைத் துருவி, வினிகர் ஊத்தி, மாட்டுக்கறி ரோஸ்ட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்பூன் வெச்சாதான் வெள்ளைக்காரருக்குச் சாப்பாடு இறங்கும். நமக்கு ஊறுகாய் மாதிரி. கப்பலேறி மெட்ராஸ் வந்தவங்களுக்கு அது கிடைக்கலை. முருங்கை வேரைத் துருவிப் பார்த்தா, கிட்டத்தட்ட அதே நெடி. பேரையும் வெச்சுட்டாங்க.

உடனே கடப்பாரையோட கொல்லைப்பக்கம் கிளம்பிடாதீங்க. முருங்கை வேர்ப்பட்டையில நரம்பைப் பாதிக்கக்கூடிய ஆல்கலாய்டுகள் இருக்கு. கர்ப்பிணிகளுக்கு ரொம்பவே ஆபத்து. கீரை, பூ, காயோட நிறுத்திக்கறதுதான் புத்திசாலித்தனம்.

எங்க ஊர் வெலிங்டன்ல கதை தலைகீழ். 1850-களில் பாரக்ஸ் கட்டி பட்டாளம் குடியேறிய ஊர் இது. சுமார் ஆறாயிரம் அடி உயரம், வருஷம் பூரா ஸ்வெட்டர். முருங்கைக்காய் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறித்தான் வரணும். ஆனா குதிரை முள்ளங்கிக்கு இந்தக் குளிர்னா கொண்டாட்டம். டிசம்பர் உறைபனியில இலை கருகினாலும் வேர் அசையாது.

முழு வேரை மோந்து பாருங்க, ஒரு வாசனையும் இருக்காது. துருவினா கண்ணு, மூக்கு ரெண்டும் அருவி. அது எப்படி? அரால்டைட் தெரியும்ல, ரெண்டு ட்யூப்? தனித்தனியா இருந்தா சாது, கலந்தாதான் வேலையைக் காட்டும். வேருக்குள்ளேயும் ரெண்டு ட்யூப் தனித்தனி அறையில இருக்கு. ஒண்ணு சினிக்ரின், இன்னொண்ணு மைரோசினேஸ் என்ற என்சைம். துருவும்போது சுவர் உடைஞ்சு ரெண்டும் கலந்து, ஆலைல் ஐசோதயோசயனேட் பிறக்குது. மூக்கைப் பிடிச்சு உலுக்கற ஆசாமி அவர்தான். நம்ம கடுகுலயும் இதே ஆசாமி உண்டு. ஆனா அம்மா காய்ஞ்ச எண்ணெயில போட்டுத் தாளிச்சதும் சூட்டுல என்சைம் காலி. அதான் சாம்பார் மூக்கில ஏறுறதில்லை! (ஜப்பான் ரெஸ்டாரன்ட்ல பச்சையா உருட்டி வைக்கிற ‘வசாபி’யும் பெரும்பாலும் கலர் போட்ட ஹார்ஸ்ராடிஷ்தான். காசு கொடுக்கும்போது நினைச்சுக்கோங்க.)

சரி, வளர்க்கலாமா? தாராளமா. ஆனா, பக்கெட்ல மட்டும்.

காரணம் இருக்கு பாஸ். இந்தச் செடி விதையை நம்பறதே இல்லை. விரல் நீளத் துண்டு மண்ணில தங்கினாலும் மறுபடி முளைச்சிடும். இப்படி ஆசையா வந்த விருந்தாளிங்களால நீலகிரி ஏற்கெனவே நிறைய பட்டாச்சு. விறகுக்குன்னு வந்த வாட்டில் மரம் புல்வெளியை முழுங்கிடுச்சு. மஞ்சள் பூ அழகுன்னு வந்த ஸ்காட்ச் ப்ரூமும், கார்ஸும் மேட்டுப் புல்வெளியில புதரா மண்டிக் கிடக்கு. போட்டோ எடுக்க நல்லாத்தான் இருக்கும். மேயற மாட்டைக் கேட்டாத்தான் தெரியும்!

இன்னொரு எச்சரிக்கை, வெளிநாட்டுல இருக்கிற சித்தப்பா சூட்கேஸ்ல வேர் கொண்டுவர வேணாம். 1961-ல் ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்கு வேர்ல கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஒரு நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. இந்தியாவுலேயே அதுதான் முதல் தடவை. வெளிநாட்டுலேர்ந்து கிழங்கோட வந்த சரக்குன்னு கருதறாங்க. அதோட முட்டைக்கூடு மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட காத்திருக்கும். நீலகிரி விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகவே தடை போடற அளவுக்குப் போச்சு. வேரோட ஒட்டின ஒரு சிட்டிகை மண் போதும், ஒரு விவசாயியோட தோட்டத்துக்கு வேட்டு வைக்க. அனுமதியும் தாவர நோய்ச் சான்றும் இல்லாம இப்படிக் கொண்டுவரக் கூடாதுன்னு 2003-லிருந்து மத்திய அரசு ஆணையே இருக்கு. நம்ம நாட்டுலயே வளர்ந்த வேர் கிடைச்சா மட்டும் ஆரம்பிங்க.

பென்சில் தடிமன்ல ஒரு ஜாண் துண்டு வேணும். மேல் முனையை நேரா, கீழ் முனையைச் சாய்வா வெட்டிக்கோங்க. தலைகீழா நடாம இருக்கத்தான் இந்த அடையாளம். ஓட்டை போட்ட ஆழமான பழைய பக்கெட்ல மணலும் மக்கின எருவும் கலந்த மண். துண்டைச் சாய்வா வெச்சு, மேலே ரெண்டு இஞ்ச் மண் மூடுங்க. எங்க ஊர்ல மழை விடாது. தண்ணி தேங்கினா வேர் அழுகிடும், அதனால பக்கெட்டைச் செங்கல் மேல தூக்கி வைங்க. முட்டைக்கோஸ் பாத்திப் பக்கம் வேணாம். சொந்தக்காரங்க, பூச்சியும் ஒண்ணுதான். ஒரு வருஷம் பொறுமை. பனிக்காலத்துல இலை வாடினதும் பக்கெட்டைக் கவிழ்த்து எல்லாத் துண்டையும் பொறுக்கிடணும். மிச்சத்தைக் குப்பைமேட்டுல வீசினா அங்கேயும் தோட்டம் ரெடி!

தோல் சீவி, துண்டு போட்டு, ரெண்டு மூணு ஸ்பூன் ஐஸ் தண்ணியோட மிக்ஸியில அரைங்க. ஜன்னலைத் திறந்து வெச்சு, முகத்தைத் திருப்பிக்கிட்டு மூடியைத் திறங்க. இப்ப மேட்டர் வினிகர்தான். ஊத்தின நிமிஷம் என்சைம் வேலை நிறுத்தம் பண்ணிடும். சாதுவா வேணும்னா உடனே ஊத்துங்க. மூக்கு எரியணும்னா மூணு நிமிஷம் விட்டு ஊத்துங்க. உப்பு போட்டு, கண்ணாடி பாட்டில்ல அடைச்சு ஃப்ரிட்ஜில வைங்க. சில வாரத்துல காரம் இறங்கிடும், அதனால கொஞ்சமா செய்யறது பெஸ்ட். கெட்டித் தயிர்ல கலந்து வேகவெச்ச முட்டைக்கும் கட்லெட்டுக்கும் தொட்டுக்கலாம். ஊட்டி வர்க்கியில மட்டும் தடவிடாதீங்க ப்ளீஸ்.

வேரே கிடைக்கலையா? கடுகை ஊறவெச்சு, பச்சைத் தண்ணி விட்டு அரைச்சு, பத்து நிமிஷம் கழிச்சு வினிகரும் உப்பும் சேருங்க. வெந்நீர் மட்டும் கூடாது. ஏன்னு அரால்டைட் பாராவுல இருக்கு.