“பொது வேலை” அல்ல, தொழில்!

தானா ராத்தாவைச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவர் சென்ற மாதம் சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். வயது இருபத்து மூன்று. தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் நான்கு வருஷமாக மின்சார வேலை பழகி வருகிறவர். சம்பளம் குறைந்துவிட்டது என்றோ வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றோ அவர் வரவில்லை. “நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு கடிதம் வேண்டும் ஐயா” என்றார்.

விசாரித்தோம். திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், செய்த வேலைக்கு அத்தாட்சி கேட்டார்களாம். தோட்டத்துப் பழைய செக்ரோல்களைப் புரட்டிப் பார்த்தபோது, நான்கு வருஷமும் இவர் பெயருக்கு நேரே இருந்தவை இரண்டே சொற்கள்: “பொது வேலை.” புல் வெட்டியவருக்கும் அதே இரண்டு சொல். சாக்கடை தூர்த்தவருக்கும் அதே இரண்டு சொல். அவ்வேலைகள் இழிவானவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவர் செய்தது அந்த வேலையல்லவே!

அப்படி எழுதியவர் யார்? ஒரு கிராணி. இத்தலையங்கத்தை எழுதும் கையும் செக்ரோல் எழுதும் கைதான். வேலையின் பெயர் தெரியாதபோதும், தெரிந்தும் எழுத நேரமில்லாதபோதும், “பொது வேலை” என்று நாமும் எழுதியிருக்கிறோம். அந்த இரண்டு சொல் ஒருவருடைய நான்கு வருஷத்தை விழுங்கிவிடும் என்று அன்று நினைக்கவில்லை. ஆகவே இதைப் பிறர் குற்றமாக மட்டும் எழுத நமக்கு உரிமையில்லை.

அந்த நான்கு வருஷத்தில் இத்தோழர் கற்றது என்ன என்பதை அங்கத்தினர்கள் அறியவேண்டும்.

முதல் ஆறு மாதம் அவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், டார்ச் பிடித்தார், ஏணியின் அடியைப் பற்றிக்கொண்டு நின்றார். சுவிட்ச் பெட்டியின் கதவைத் திறந்தாலே உள்ளங்கை வியர்த்துவிடுமாம். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அறுபதை நெருங்கிய பெரியவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பரீட்சையில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை தகுதிச் சான்று வாங்கியவர். வயரை இணைக்கக் கற்பிக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தக் கற்பித்தார். மெயினை நிறுத்து, பூட்டுப் போடு, சாவியை உன் பையிலேயே வை, ஆள் வேலை செய்வதாக அட்டை தொங்கவிடு. பிறகு மின்சாரம் உள்ள ஓரிடத்தில் டெஸ்டரை வைத்துப் பார். வேலை செய்யப்போகும் இடத்தில் பார். மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் பார்.

“மூணாவது தடவை எதுக்கு மாமா?”

“நடுவுல டெஸ்டர் கெட்டுப் போயிருந்தா, கரண்டு இல்லைன்னுதானே காட்டும் தம்பி? அதை நம்பிக் கை வச்சவங்க திரும்பி வந்து உனக்குச் சொல்ல மாட்டாங்க.”

இந்த வரிசையைத் தினமும் செய்து செய்து கைக்குப் பழகியபின், வியர்வை நின்றது. பயம் முழுவதும் போய்விட்டதா என்று கேட்டோம். “போகலை ஐயா. ஆனா எதுக்குப் பயப்படணும்னு இப்பத் தெரியும்” என்றார். தொழில் கற்றவனின் தைரியம் என்பது இதுதான்.

பால் வெட்டும் தோழர்களுக்கு இது புதிய சங்கதியல்ல. புதிதாகக் கத்தி பிடிப்பவரை யாரும் நல்ல மரத்தில் விடுவதில்லை. வெட்டித் தள்ளப்போகும் கிழட்டு மரத்தில்தான் பழகவிடுவார்கள். கத்தி மேலாகப் போனால் பால் குறையும். ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் இளந்தோல் காயப்பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். நடுவே விடவேண்டிய பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அந்த அளவைக் காகிதத்தில் எழுதலாம். கத்திக்குச் சொல்லிக் கொடுக்க மாதக்கணக்கில் விடியற்காலைகள் வேண்டும். மின்சாரத் தொழிலும் அப்படியே. வித்தியாசம் ஒன்று: நம் கத்தி தவறினால் மரத்துக்குக் காயம்; அவர் கை தவறினால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாம் வருஷத்தில் ஓர் இரவு நடந்ததை அவர் சொன்னார். கிள்ளிய கொழுந்தைத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்று ஊதி, இரவெல்லாம் வாடவைப்பது தேயிலைத் தொழிலின் வழக்கம். விசிறி நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். அன்று ஒரு விசிறியின் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்திக் காப்பாற்ற ரிலே என்று ஒரு சாதனம் உண்டு. அதுதான் திரும்பத் திரும்ப நிறுத்திக்கொண்டிருந்தது. “ரிலேயின் அளவைக் கொஞ்சம் ஏற்றிவிடு, விடியும்வரை ஓடட்டும்” என்று மேற்பார்வையாளர் சொன்னார்.

நம் தோழர் மறுத்துவிட்டார். “அது நிறுத்துவதற்குக் காரணம் இருக்கும் ஐயா. காரணத்தைப் பார்க்காமல் ஏற்றினால் மோட்டார் எரிந்துவிடும்” என்று சொல்லி, பெரியவரை அழைத்துவர ஆள் அனுப்பினார். பெரியவர் வந்தார், கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார், “நீயே பாரு” என்றார். மூன்று கம்பிகளிலும் மின்சாரத்தை அளந்தபோது இரண்டில் கூடுதலாகவும் ஒன்றில் மிகக் குறைவாகவும் இருந்தது. மூன்று பேர் தூக்கவேண்டிய சுமையை இரண்டு பேர் தூக்கினால் அவர்கள் களைத்து விழுவதுபோல, மோட்டாரும் சூடேறிக்கொண்டிருந்தது. மெயினை நிறுத்தி, பூட்டி, மூன்று தடவை சோதித்துவிட்டுத் திறந்து பார்த்தால், இணைப்பு ஒன்றின் திருகு தளர்ந்து முனை கருகியிருந்தது. அதை வெட்டிப் புதுமுனை போட்டு இறுக்கினார். விசிறி ஓடிற்று. கொழுந்தும் பிழைத்தது, மோட்டாரும் பிழைத்தது.

அன்றைய செக்ரோலில் என்ன எழுதியிருந்தது? “பொது வேலை.”

அங்கத்தினர்களே! மலைநாட்டில் மின்சாரத்தின் கதை நமக்கு அந்நியமானதன்று. தெலோம், பெர்தாம் ஆறுகளின் நீரைச் சுரங்கங்கள் வழியாகத் திருப்பி, ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணையில் தேக்கி, மலைக்கு அடியில் குடைந்த ஜோர் மின்நிலையத்தில் விழச் செய்தார்கள். 1963ல் முடிந்த அந்நிலையம் 100 மெகாவாட் ஆற்றல் உடையது. அதே நீர் இன்னும் கீழே இறங்கி வோ நிலையத்தையும் சுழற்றுகிறது. 1968ல் வந்த அதன் ஆற்றல் 150 மெகாவாட். நீலகிரியில் பைக்காரா 1932ல் ஓடத் தொடங்கிற்று. மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசல் 1940ல். இலங்கை மலைநாட்டில் லக்ஷபானா 1950ல். தேயிலைக்கு வேண்டிய மழையும் செங்குத்தான மலையும்தான் நீர்மின்சாரத்துக்கும் வேண்டும். ஆகவே தமிழன் கொழுந்து கிள்ளிய மலைகளிலெல்லாம் மின்சாரமும் பிறந்தது. ஆனால் அந்த யந்திரங்களை ஆளும் தொழில் நம் லயத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? தோட்டத்து ஜெனரேட்டர் குறித்த நேரத்தில் நின்றுவிட, மண்ணெண்ணெய் விளக்கில் படித்ததாகத்தானே நம் பெற்றோர் சொல்லுகிறார்கள்!

இந்த யந்திரங்களெல்லாம் எந்த விதியால் ஓடுகின்றனவோ, அதை 1831ல் கண்டறிந்த மைக்கேல் பாரடே ஒரு கருமான் மகன். பதினான்கு வயதில், 1805ல், லண்டனில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே படித்து விஞ்ஞானம் கற்றார். அவருடைய பயிற்சிக் காலம் ஏழு வருஷம். நீண்ட காலந்தான். ஆனால் அதற்கு ஒரு முடிவு இருந்தது. முடிந்த அன்று அவர் முழுத் தொழிலாளி. நம் தோட்டத்துப் பையனின் பயிற்சிக்கு முடிவு எது? ஹெல்ப்பராகச் சேர்ந்தவர் ஹெல்ப்பராகவே தலை நரைக்கிறார்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1955ம் வருஷத்து வேலைச் சட்டப்படி தொழில் பழகுநர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், முதலாளி முறையாகத் தொழில் கற்பிக்கப் பொறுப்பேற்கவேண்டும், காலம் குறித்திருக்கவேண்டும். 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி அக்காலம் குறைந்தது 6 மாதம், கூடினால் 24 மாதம். நம் தோழர் பழகியதோ 48 மாதம்; எழுத்தில் ஒரு வரி இல்லை.

சான்றிதழ் பெற வழிகளும் உண்டு. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் சிஜில் கெமாஹிரான் மலேசியாவைப் பயிற்சி நிலையத்தில் படித்தும் பெறலாம். 2005ல் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறையில், பெரும்பகுதி வேலையிடத்திலும் மிச்சம் பயிற்சி நிலையத்திலுமாகக் கற்றும் பெறலாம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள், செய்த வேலைக்கு அத்தாட்சி காட்டி, முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் வழியிலும் பெறலாம். இம்மூன்றாவது வழி நம்மவர் பலருக்கு ஏற்றது. அந்த வாசலில்தான் “பொது வேலை” என்ற இரண்டு சொல் குறுக்கே நின்றது. இவை தவிர, வயரிங் வேலையையும் தொழிற்சாலை மின்சாதனங்களையும் தம் பொறுப்பில் ஏற்க விரும்புகிறவர்கள், எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்றும் பெறவேண்டும். சான்றில்லாத பையனைத் தனியே பேனலைத் திறக்கவிடுவது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் அபாயம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. நம் பிள்ளைகளின் நிலைமையோ தலைகீழ். கறிக்கு உதவும் சுரைக்காய் கையில் இருக்கிறது, ஏடுதான் இல்லை.

“சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் அடுத்த நாளே வெளியே போய்விடுவான்” என்பது நிர்வாகங்கள் சொல்லும் சமாதானம். கூலி நியாயமாக இருந்தால் ஏன் போகிறான்? தாய் தகப்பன் இருக்கும் இடம், பிறந்த இடம். விட்டுப்போக எவனுக்கும் ஆசையில்லை. சான்று இல்லை என்பதைச் சாக்காக வைத்துத் தொழில்காரனின் வேலையை ஹெல்ப்பர் சம்பளத்துக்கு வாங்குவதுதான் நோக்கமென்றால், அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். பதில் சொல்லச் சங்கம் இருக்கிறது. பெரியவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அவர் நாற்பது வருஷத்தில் சேர்த்த தொழில் அவரோடு போய்விடுவது நிர்வாகத்துக்கும் லாபமல்ல.

ஆகவே நாம் கேட்பது இது. தொழில் பழக வருபவருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம். சான்று பெற்றவரின் மேற்பார்வை. காப்புக் கையுறை, காலணி, பூட்டு, நல்ல டெஸ்டர். பரீட்சை நாட்களுக்குச் சம்பளம். தேறியபின் தேர்ச்சிக்கேற்ற கூலி. நாமும் நம் தவற்றைத் திருத்திக்கொள்ளவேண்டும். வெட்டுக் கூலியும் கொழுந்துக் கூலியும் பேசிய நம் கோரிக்கைப் பட்டியல்களில், தொழிற்சாலையில் யந்திரத்தோடு நிற்கும் இளைஞர்கள் கடைசி வரிக்குக்கூட வந்ததில்லை.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. செய்த வேலையைச் செக்ரோலில் அப்படியே எழுதுங்கள். “மோட்டார் இணைப்பு மாற்றியது” என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? இளைஞர்களே, நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, செய்த வேலை, கண்ட கோளாறு, தீர்த்த விதம் ஆகியவற்றை எழுதி, சொல்லிக் கொடுத்தவரின் கையெழுத்தை வாங்குங்கள். யார் அவசரப்படுத்தினாலும் பூட்டுப் போடாமல் கை வைக்காதீர்கள்.

பால் வெட்டும் பெற்றோர்களே, இது மலைமேல் இருப்பவர்களின் விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை வந்ததைப் பார்த்தோம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதை நம் முன்னோர் பார்த்தார்கள். அதற்கு எதிராகவே 1960ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தோட்டத்தை ஒருவர் விற்கலாம், இன்னொருவர் வாங்கலாம். உங்கள் மகன் கற்ற தொழிலை அவனிடமிருந்து யாரும் விற்க முடியாது. அதற்குச் சான்று இருந்தால், எந்த ஊரிலும் தலைநிமிர்ந்து கூலி கேட்பான்.

தானா ராத்தாத் தோழருக்கு வேண்டிய கடிதத்தைப் பெற, சங்கம் நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறது. பெரியவரும் தம் கைப்பட நான்கு பக்கம் எழுதித் தந்திருக்கிறார். தோட்டத்துக் கிராணியும் இம்மாதச் செக்ரோலில் பழைய சொற்களை எழுதவில்லை. “மின்சாரத் தொழில் பழகுநர்” என்று எழுதியிருக்கிறார். மற்றத் தோட்டங்களிலும் அப்படியே எழுதப்படட்டும்.